அக்காவின் இடது கை

நாட்டில் தொலைக்காட்சி ஓடுகிற தமிழ் வீடுகளில் பிரேமாவதியைத் தெரியாத வீடு இல்லை. ஆனால் பிரேமாவதி என்று பேர் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. பொத்தக்கா என்று சொல்ல வேண்டும். சொன்ன மாத்திரத்தில் கேட்டவர் இடது கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டு, சுண்டுவிரலை மட்டும் தனியாக நீட்டி, "நான் ஒண்ணுமே சொல்லலலா!" என்று லா போட்டு இழுப்பார். பக்கத்தில் நிற்பவர் விழுந்து விழுந்து சிரிப்பார். அவ்வளவு பெரிய பேர். அந்தப் பேரைத் தூக்கிக்கொண்டு சொந்த அக்கா வீட்டுக்குப் போகத்தான் இன்றைக்கு அவளுக்குக் கால் வரவில்லை.

அக்கா மகள் லோஷினிக்குப் பரிசம். திகாம் பத்துவில் வீட்டு வாசலிலேயே கூடாரம் போட்டு நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் மெர்கோங்கிலிருந்து வருகிறார்கள். கோலாலம்பூரிலிருந்து காரோட்டி வந்த பிரேமாவதி, சுங்கை பட்டாணிக்கு முந்திய ஓய்விடத்தில் வண்டியை நிறுத்திக் கோப்பி வாங்கினாள். வாங்கியதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன வாரம் லோஷினி போனில் சொன்னது காதைவிட்டுப் போகவில்லை.

"சின்னம்மா, நீங்க கண்டிப்பா வரணும். பொத்தக்கா மட்டும் வரக்கூடாது. அன்னைக்கு அம்மாதான் எந்திரிச்சு நின்னு சொல்லணும். காளி தாத்தா நான் சொல்றேன்னாரு, வேணாம்னுட்டேன். அப்பா இல்லன்னா என்ன, அம்மா இருக்காங்கல்ல? அம்மா சொல்லலன்னா எனக்கு இந்தப் பரிசமே வேணாம்."

அவர்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்து வழக்கம் அது. தட்டு மாற்றும்போது மாப்பிள்ளையைப் பெற்றவர், "சீரு உங்களுது, பொண்ணு எங்களுது" என்பார். பெண்ணைப் பெற்றவர் சபை கேட்க, "பொண்ணு உங்களுது" என்று சொல்ல வேண்டும். மூன்று தடவை. மூன்றாவது தடவை சொல்லி முடித்த பிறகுதான் தட்டு கைமாறும். தோட்டம் துண்டாடப்பட்டு, தொழிலாளர் லயம் இடிபட்டு, ஆளாளுக்குத் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிபோன பிறகும் இந்த ஒன்றை அவர்கள் விடவில்லை. சொல்ல வேண்டியது இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லை ஷாமளா அக்கா சொல்வாளா என்பதுதான் பிரேமாவதிக்குச் சந்தேகம். அக்கா வெளியாட்கள் முன்னால் வாய் திறந்து வெகுகாலம் ஆகிறது. அவள் வாயை அடைத்தது யார் என்று கேட்டால், வேறு யாருமில்லை, அங்கே கோப்பியை ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவள் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, மேளமே அடித்தது.

ஷாமளா அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே முன்பற்கள் இரண்டும் துருத்திக்கொண்டிருக்கும். பள்ளிக்கூட பஸ்ஸில் பையன்கள் அதற்கு ஒரு பட்டப்பேர் வைத்தார்கள். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. அன்றைக்கு வாய்க்குப் போன இடது கைதான், பிறகு பேசும்போதெல்லாம் தானாகப் போனது. சோறு போட்டுக்கொண்டே பேசினாலும் கரண்டியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு இடது கை மேலே ஏறும். வீட்டில் யாரும் அதைக் கவனித்ததுகூட இல்லை. அக்கா என்றால் அந்தக் கையோடு சேர்ந்ததுதான்.

பிரேமாவதியோ வாயாடி. நடிப்பை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே தேடுவதையும், மளிகைக்கடை முகம்மது கவுஸ் பாய் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு விலை சொல்வதையும் பார்த்த மறுநிமிடம் செய்து காட்டுவாள். மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒரு வருஷம் கலை நிகழ்ச்சிக்கு ஆள் பற்றவில்லை. இவளைப் பிடித்து லாரி மேடையில் ஏற்றிவிட்டார்கள். தோட்டத்தில் உள்ள பெரிய மனிதர் ஒருவரையும் அவள் பாக்கி வைக்கவில்லை. கவுஸ் பாய் தன்னைத்தானே மேடையில் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முன்வரிசையில் அக்கா, இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தங்கை போட்டிருந்த சட்டையே அவள் தைத்துக் கொடுத்ததுதான்.

அன்றைக்கு எல்லாரையும் செய்து காட்டியவள் அக்காவைச் செய்து காட்டவில்லை. அப்படி ஓர் எண்ணமே வரவில்லை. அப்போது அக்கா அவளுக்கு வேடிக்கையாகத் தெரிந்ததில்லை.

பிறகு பிரேமாவதி சுங்கை பட்டாணியில் ஒரு பேரங்காடியில் கல்லாவில் உட்கார்ந்தாள். வானொலிப் போட்டி ஒன்றில் குரல் மாற்றிப் பேசி ஜெயித்தாள். அந்தத் தெம்பில் கோலாலம்பூர் போனாள். அங்கே யாரும் மாலை வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. நாடகங்களில் 'டாக்டர் வந்துட்டாரு' என்று சொல்லிவிட்டுப் போகும் தாதி, கதாநாயகிக்குத் தேநீர் கொண்டுவரும் வேலைக்காரி, கல்யாணக் கூட்டத்தில் நாலாவது வரிசைப் பெண். இப்படியே பல வருஷம். கேமராவைப் பார்த்தால் கை எங்கே போவது என்று தெரியாமல் திண்டாடினாள். ஒரு டைரக்டர் எரிச்சலோடு சொன்னார்: "கை நடுங்குனா ரெண்டையும் இடுப்புக்கு முன்னால கோத்து வை. ஒரு மூச்சு விடு. அப்புறம் பேசு." அன்றைக்குப் பிடித்த பழக்கம். பேட்டி என்றாலும் பரிசு வாங்கினாலும் இன்றுவரை அவள் அப்படித்தான் நிற்பாள். இரண்டு கையும் கோத்திருக்கும், தலை கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஒரு மூச்சு, பிறகு தொலைக்காட்சித் தமிழ். பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

பேர் வந்தது வேறு வழியில். வசந்தன் என்ற தயாரிப்பாளர் வாரா வாரம் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தினார். துண்டு துண்டாக நாடகங்கள், நாலைந்து பேர் நடிப்பார்கள். அதில் பிரேமாவதிக்கும் ஓர் இடம் கிடைத்தது. ஆனால் அவள் செய்ததற்கெல்லாம் யாரும் சிரிக்கவில்லை. ஒத்திகை ஒன்றில் வசந்தன், "புதுசா ஏதாச்சும் இருந்தா காட்டுங்க, இல்லாட்டி வேற ஆளப் பார்த்துக்கிறேன்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன செய்கிறோம் என்று தெரிவதற்கு முன்னால் இவள் இடது கை எழுந்து வாயைப் பொத்தியது. அக்காவின் குரல் வந்தது, அக்காவின் கண் வந்தது. விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தவர்கூட சிரித்துவிட்டார்.

அங்கேயே பிறந்தாள் பொத்தக்கா. வாயைப் பொத்திக்கொண்டால் தான் பேசுவது யாருக்கும் கேட்காது என்று நம்புகிற ஒரு பெண். எதிரே நிற்பவரைப் பற்றியே சத்தம் போட்டுப் புறணி பேசுவாள். மாட்டிக்கொண்டால், "நான் ஒண்ணுமே சொல்லலலா!" சுண்டுவிரலை நீட்டுவது மட்டும் பிரேமாவதி சேர்த்துக்கொண்டது. மற்றதெல்லாம் ஷாமளாதான். ஒன்று தவிர. ஷாமளா தன் ஆயுளில் யாரைப் பற்றியும் புறணி பேசியதில்லை.

அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க மறந்துவிட்டது என்று பல வருஷம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில்தான் கேட்கவில்லை.

முதல் நிகழ்ச்சி வந்த மறுநாள் அக்காவே போன் பண்ணினாள். "நல்லாத்தாண்டி இருக்கு. எங்க வீட்டுக்காரரு சிரிச்ச சிரிப்புல புரையேறிருச்சு. ஏண்டி, நான் அப்படியா சுண்டுவிரல நீட்டுறேன்?"

"ஐயோ, அது நீ இல்லக்கா. சும்மா டிராமாவுக்கு."

"அதான பார்த்தேன்" என்றாள் அக்கா. போனில்கூட அந்தக் கை வாயில்தான் இருந்தது. குரலில் தெரிந்தது.

பிறகு ஊரெல்லாம் நோய் பரவி, எல்லாரும் முகக்கவசம் மாட்டிய காலம் வந்தது. அக்கா அப்போது ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கடையில், கந்தினில், வேலை பார்த்தாள். பள்ளி திறந்ததும் போன் பண்ணினாள். குரலில் அப்படி ஒரு துள்ளல். "இப்ப நல்லாருக்குடி. எல்லாரும் மூடிக்கிட்டாங்க. ரெண்டு கையாலயும் வேல செய்யிறேன், பேசிக்கிட்டே செய்யிறேன்!" ஊர் முழுக்க வாயை மூடிய அந்த வருஷங்கள்தான் ஷாமளா வாயாரப் பேசிய வருஷங்கள். அந்தக் காலத்திலேயே ஒருநாள் அக்கா புருஷன் ராமையா மாமா மாரடைப்பில் போய்விட்டார். அந்தத் துக்கத்தைக்கூட அக்கா பேசிப் பேசித்தான் ஆற்றிக்கொண்டாள்.

நோய்க்காலம் முடிந்து நடந்த முதல் விருது விழாவில் பிரேமாவதிக்குச் சிறந்த நகைச்சுவை நடிகை விருது. மேடையேறினாள், கையைக் கோத்தாள், மூச்சு விட்டாள். மனம் நெகிழ்ந்திருந்தது. நன்றி சொல்லாமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது. நம் ஜனங்களுக்கு ஒருவரைக் கௌரவிக்க வேண்டுமென்றால் சபையில் பேர் சொல்லித்தானே ஆக வேண்டும். "இந்த விருது எனக்குரியது அல்ல. பொத்தக்கா வேறு யாருமில்லை, என்னுடைய அக்கா ஷாமளாதான். திகாம் பத்துவில் இருக்கிறார்" என்றாள். அரங்கமே எழுந்து கைதட்டியது. அக்கா எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று நினைத்துத் தானும் அழுதாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அதுவரை சந்தேகப்பட்டவர்களுக்கெல்லாம் இப்போது உறுதியாகிவிட்டது. கந்தினில் அக்கா விலை சொல்ல வாயைத் திறந்தால் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் இடது கையைத் தூக்கினார்கள். வாத்தியார்மார் அவளோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவள் வந்தால் பேச்சை மாற்றினார்கள். டிவி பொத்தக்கா புறணி பேசுகிறவள் ஆயிற்றே, அசல் பொத்தக்கா மட்டும் சும்மா இருப்பாளா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஊர் வாயை மூட முடியாததால் அக்கா தன் வாயை மூடிக்கொண்டாள். நாடே முகக்கவசத்தைக் கழற்றிப் போட்டபோது அவள் ஒருத்தி கழற்றவில்லை. கந்தின் வேலையையும் விட்டாள். தங்கை கேட்டதற்கு, "முட்டி வலிடி, நிக்க முடியல" என்றாள். தங்கையும் நம்பித் தைலம் வாங்கி அனுப்பினாள். உண்மைக் காரணத்தை அவளுக்குச் சொன்னதே போன வாரம் லோஷினிதான்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வசந்தன்.

"பரிசத்துக்குப் போறீங்கல்ல? நல்லாப் பார்த்துட்டு வாங்க. இந்தத் தீபாவளிக்குப் பொத்தக்கா வீட்டுக் கல்யாணம் பண்ணலாம்னு முடிவு. தட்டு, சம்பந்தி, சண்டை எல்லாம் வேணும். உங்களுக்குச் சொல்லியா தரணும்?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சி என்றால் நாடே பார்க்கும். "சரி, பார்க்கிறேன்" என்றாள். சொல்லிவிட்டு ஆறின கோப்பியை ஒரே மடக்கில் குடித்தாள். கசந்தது.

வீடு போய்ச் சேர்ந்தபோது அக்கா சமையற்கட்டில் இருந்தாள். மயில்கழுத்து நிறத்தில் பட்டுப்புடவை, தலையில் பூ, காதில் கல்வைத்த தோடு, முகத்தில் ஆஸ்பத்திரி நீலத்தில் முகக்கவசம்.

"வந்துட்டியா? ஜாம்லா இருந்திருக்கும் ரோட்டுல? சாப்டியா?" அக்காவின் கண் சிரித்தது. தங்கையிடம் மட்டும் அவளுக்குப் பேச்சு வந்தது.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்."

"மொதல்ல வெத்தல காம்பக் கிள்ளு. மாப்ள வீட்டுக்காரங்க குருண் டவுனத் தாண்டிட்டாங்களாம்."

பிரேமாவதி தரையில் உட்கார்ந்து காம்பு கிள்ளினாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கோலாலம்பூரிலிருந்து மனசுக்குள் எழுதி வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வெளியே வரவில்லை. "அந்த கந்தின் விஷயம் லோஷினி சொன்னா" என்று ஆரம்பித்தாள்.

"அவளுக்கு வாய் நீளம். ஒன்ன மாதிரி." அக்கா பாக்குத் தட்டை நகர்த்தினாள். "அதெல்லாம் முடிஞ்சு போச்சு. நீ ஒம் பொழப்பப் பாரு."

வைதிருந்தால் தாங்கியிருப்பாள். இது தாங்க முடியவில்லை. அதைவிடக் கேவலம் ஒன்றும் நடந்தது. அக்கா தட்டைத் தூக்கும்போது முகக்கவசத்தின் ஒரு காதுக்கயிறு கழன்று தோட்டில் மாட்டிக்கொண்டது. அக்கா அதை எடுக்கப் படாத பாடு பட்டாள். பிரேமாவதியின் கண் அதைப் பார்த்து, 'இது நல்லாருக்கே, வச்சிக்கலாம்' என்று தானாக எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டது. இவளுக்கே உடம்பு கூசியது. திருடனுக்குக்கூட சொந்த வீட்டில் கை வைக்க ஒரு தயக்கம் இருக்கும்.

மாப்பிள்ளை வீட்டார் வேன்களில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை குணாளன் கோலா கெடா படகுத்துறையில் வேலை பார்க்கிறான். அமைதியான பையன். அவன் அப்பா தர்மலிங்கம் அமைதிக்கு எதிரி. இறங்கியதும் பெண்ணைக்கூடத் தேடவில்லை.

"எங்க நம்ம பொத்தக்கா? அடோய், நேர்ல இன்னும் எளசா இருக்கீங்களே! ஒரே ஒரு வாட்டி பண்ணிக் காட்டுங்கம்மா, எங்க வீட்டுப் பொம்பளைங்க அதுக்காகத்தான் வந்திருக்காங்க!"

"இன்னைக்கு வேணாங்கண்ணே. நம்ம வீட்டு விசேஷம்."

"விசேஷத்துலதான பண்ணணும்? சாவு வீட்லயா பண்ணச் சொல்றேன்?" கூட்டம் சிரித்தது. அவர் மனசில் கள்ளம் இல்லை. அதுதான் தொல்லை. கள்ளம் உள்ளவரை முறைத்து அனுப்பிவிடலாம்.

அதற்குள் அவர் வீட்டுப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு படத்துக்கு நின்றார்கள். அத்தனை பேர் இடது கையும் வாய்க்குப் போனது. பட்டுப்புடவையும் பூவுமாய்த் தூரத்திலிருந்து வந்த சம்பந்திப் பெண்கள். முகம் கோணினால் லோஷினிக்குத்தான் கெட்ட பேர். ஒரே ஒரு படம்தானே என்று பிரேமாவதியும் கையைத் தூக்கினாள். சுண்டுவிரல் நீண்டது. படம் எடுத்தவள், "சூப்பர்லா!" என்றாள்.

கையை இறக்கும்போதுதான் சமையற்கட்டு ஜன்னலைப் பார்த்தாள். கம்பிக்குப் பின்னால் நீல முகக்கவசம். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நகர்ந்துவிட்டாள்.

மாமா காளிதாசன்தான் சபையை நடத்தினார். இவர்கள் அம்மாவின் தம்பி, லோஷினிக்குக் காளி தாத்தா. வயசாளி, பொறுமைசாலி. தட்டுகளை வரிசையாக வைத்தாயிற்று. லோஷினி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். ஆனால் கண் மட்டும் அம்மாவைவிட்டு நகரவில்லை. தர்மலிங்கம் எழுந்து துண்டைச் சரிசெய்துகொண்டு கணீரென்று சொன்னார்: "சீரு உங்களுது, பொண்ணு எங்களுது!"

"ஷாமளா, எந்திரிம்மா" என்றார் மாமா.

அக்கா எழுந்தாள். படம் பிடிக்கிறவன் கேமராவுக்குப் பின்னாலிருந்து, "அம்மா, மாஸ்க்கக் கழட்டுங்கம்மா, முகம் தெரியணும்ல" என்றான். அக்கா கழற்றினாள். கழற்றியதை மடித்து இடுப்பில் செருகினாள். வாயைத் திறக்கப் போனாள். இடது கை மேலே ஏறியது.

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அடக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. அவளைப் பார்த்து இன்னொருத்தி. பின்வரிசையில் போன்கள் மேலே எழுந்தன. "அசலே இவங்கதான்" என்று ஒரு குரல் கிசுகிசுத்தது. அக்காவின் கை பாதி வழியில் நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வாய் திறந்தது, மூடியது. சத்தம் வரவில்லை. லோஷினியின் கண் நிறைந்துவிட்டது.

மாமா சபையைப் பார்த்தார். பிறகு பிரேமாவதியைப் பார்த்தார். "சின்னம்மாவும் அம்மாதான். நீ சொல்லும்மா. ஒனக்குத்தான் பேச வருமே."

பிரேமாவதி எழுந்தாள். இப்போதாவது அக்காவுக்கு ஒத்தாசையாக இருப்போம் என்றுதான் எழுந்தாள், பாவம். அக்கா பக்கத்தில் போய் நின்று, "பொண்ணு" என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான். கூடாரமே குலுங்கியது. அவள் கையைத் தூக்கவில்லை, குரலை மாற்றவில்லை, சும்மா நின்று ஒரு சொல் சொன்னாள். அதற்கே சிரிப்பு. தர்மலிங்கம் தொடையைத் தட்டிச் சிரித்தார். அவள் வாயிலிருந்து எது வந்தாலும் அது விளையாட்டு என்று நாடு முடிவு செய்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. அந்த வாயால் ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுக்க முடியாது.

அக்கா வாயையும் கெடுத்தோம், நம் வாயும் ஒன்றுக்கும் உதவவில்லை என்று அந்த நேரத்தில் அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது.

அப்போது யாரோ அவளை மெல்ல ஒதுக்கினார்கள். அக்கா.

ஷாமளா ஓரடி முன்னால் வந்தாள். பாதி வழியில் நின்ற இடது கையைக் கீழே கொண்டுவந்தாள். வலது கையோடு சேர்த்து இடுப்புக்கு முன்னால் கோத்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். ஒரு மூச்சு விட்டாள்.

"பெண் உங்களுடையது" என்றாள்.

கணீரென்று, நிறுத்தி, தொலைக்காட்சித் தமிழில். முன்பற்கள் இரண்டும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. யாரும் சிரிக்கவில்லை.

"பெண் உங்களுடையது." அதே சாய்வு, அதே மூச்சு.

"பெண் உங்களுடையது."

சபையே கைதட்டியது. "என்னம்மா பேசுறாங்க சம்பந்தி, நியூஸ் வாசிக்கிற மாதிரி!" என்றார் தர்மலிங்கம், நிஜமான மரியாதையோடு. தட்டு கைமாறியது. லோஷினி அழுதுகொண்டே சிரித்தாள். பிரேமாவதி மட்டும் கைதட்டவில்லை. அந்தச் சாய்வு யாருடையது என்று அந்தக் கூடாரத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எரிச்சல்கார டைரக்டர் ஒருவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்து, ஆயிரம் பேட்டிகளில் அவள் நின்ற நிலை அது. அக்கா நின்ற இடத்தில் அக்கா இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா இலையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் வேர்த்திருந்தது. சந்தோஷமாக இருந்தாள். அதுதான் பிரேமாவதியைக் கொன்றது.

"எப்படிலா? ஒன்ன மாதிரி வந்துச்சா?"

"அக்கா..."

"லோஷினி ஒம் பேட்டியெல்லாம் போன்ல போட்டுக் குடுத்தா. கண்ணாடி முன்னால நின்னு நின்னு பழகுனேன். மொதல்ல கை நிக்க மாட்டேங்குது, மேல மேல போகுது. அப்புறம் நீ கோத்துக்கிறல்ல, அதப் பிடிச்சிக்கிட்டேன். நடுவுல மறந்துருச்சு. நீ வந்து பக்கத்துல நின்னியா, ஒன்னப் பார்த்ததும் ஞாபகம் வந்துருச்சு."

"ஏங்க்கா என்ன மாதிரி? ஒன்ன மாதிரியே சொல்லியிருக்கலாம்ல?"

அக்கா அவளை விநோதமாகப் பார்த்தாள், இது கூடத் தெரியாதா என்பதைப் போல.

"என்ன மாதிரி பேசுனா சிரிப்பாங்கல்லடி" என்றாள்.

குறை சொல்லும் தொனி இல்லை. குத்திக்காட்டவும் இல்லை. மழை வந்தால் துணி நனையும் என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு, ரசத்தைப் பிசைந்தாள்.

பிரேமாவதிக்குள் ஏதோ உடைந்தது. அழுகை கட்டுக்கடங்காமல் வந்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்து அழக்கூடாது, நல்ல காரியம் நடக்கிற வீடு. வாயை மூடத்தான் பார்த்தாள். வலது கையில் சோறு. இடது கைதான் ஏறியது. ஏறி வாயைப் பொத்தியது. சுண்டுவிரல் கூட, பழக்கதோஷம், தனியாக நீண்டது.

எதிர்வரிசையில் மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"ஏய், பொத்தக்கா பண்றாங்கடி! இங்க பாரேன்!"

நாலைந்து போன்கள் எழுந்தன. எல்லாரும் சிரிக்கத் தயாரானார்கள். பிரேமாவதியின் தோள் குலுங்குவதைப் பார்த்து, எவ்வளவு தத்ரூபம் என்று ஒருத்தி வியந்தாள். கையை எடுத்தால் அழுகை, எடுக்காவிட்டால் பொத்தக்கா. அவளுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை.

ஷாமளா ஒரு பார்வை பார்த்தாள், போன்களையும் தங்கையையும். இடது கையால் இடுப்பிலிருந்து அந்த நீல முகக்கவசத்தை உருவினாள். மடிப்பை நீவி, தங்கையின் மடியில் வைத்தாள்.

"இந்தா, போட்டுக்க" என்றாள், மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "இதுக்குள்ள அழுதா யாருக்கும் தெரியாது. நான் அழுது பார்த்திருக்கேன்."